வாஷிங் மெஷினுக்கு ஒரு ஃபோன் கால்

கருவறைக்குப் போடுவது மாதிரி விளக்குப் போட்டு நடுவில் ஒரு வாஷிங் மெஷினை நிறுத்தியிருந்தார்கள். சுற்றி முப்பது நாற்பது பேர். எல்லோர் கையிலும் ஃபோன், எல்லா ஃபோனும் தலைக்கு மேலே. தீபாராதனை காட்டாததுதான் பாக்கி.

மெஷினின் நெற்றியில் ஏழு அங்குலத் திரை. அதில் ஃபோன் பேசலாம் என்று விளக்கினார் சீருடைப் பெண். துணி துவைத்துக்கொண்டிருக்கும்போது யாராவது கூப்பிட்டால் ஃபோனைத் தேடி ஓட வேண்டாம், மெஷினிடமே 'ஹலோ' சொல்லிக்கொள்ளலாம்.

"செம மச்சான்!" என்றான் ஆம்பூரான்.

"நீ என்னைக்குடா துணி துவைச்சே?" என்றான் திருச்சிக்காரன்.

2025 ஜனவரி 7, லாஸ் வேகஸ். சி.இ.எஸ். என்னும் நுகர்வோர் மின்னணுக் கண்காட்சியின் முதல் நாள். 1967-ல் நியூயார்க்கில் இரண்டு ஹோட்டல்களில் தொடங்கிய சந்தை இது. அந்த வருஷம் 4,500-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள், 1,41,000-க்கும் மேற்பட்ட ஆட்கள். ஆனால் நுகர்வோர் உள்ளே போக முடியாது. பெயர்தான் நுகர்வோர் கண்காட்சி, அனுமதி தொழில்துறையினருக்கு மட்டும். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையை வாசலிலேயே நிறுத்திவைத்த கதை. திருச்சிக்காரன் தன் கம்பெனியில் யாரையோ பிடித்து மூன்று பேருக்கும் அட்டை வாங்கிவிட்டான். என் அட்டையில் 'ஆலோசகர்' என்று போட்டிருந்தது. யாருக்கு, என்ன ஆலோசனை என்று ஒருவரும் கேட்கவில்லை. உள்ளே போன பிறகு புரிந்தது: அங்கே இருந்த பாதிப் பேர் அந்த மாதிரிதான்.

இரண்டு பேரையும் அறிமுகப்படுத்திவிடுகிறேன். திருச்சிக்காரனுக்குக் கார் பைத்தியம். சான் ஹோசேயில் ஆறு வருஷமாக ஒரே பழைய காரை ஓட்டிக்கொண்டு, வாங்க முடியாத கார்களின் குதிரைத்திறனை மனப்பாடமாக ஒப்பிப்பான். ஆம்பூரானுக்கு வீட்டுச் சாமான் பைத்தியம். லாஸ் ஏஞ்சலிஸுக்கு வடக்கே ஆல்டடீனாவில் வாடகை வீடு. அதில் மொத்தம் 23 'ஸ்மார்ட்' சாதனங்கள், பல்பிலிருந்து பூட்டு வரை. நாங்கள் அரங்கத்தில் நடக்கும்போதே அவன் ஃபோன் நிமிஷத்துக்கு ஒரு தரம் கிணுகிணுக்கும். 'ஃபிரிட்ஜ் கதவு திறந்திருக்கிறது.' 'உங்கள் வாசலில் ஒருவர் நிற்கிறார்.' 'மாடிப்படி விளக்கு எரிகிறது.' பெற்ற பிள்ளை பேசுவதைக் கேட்பதுபோல் கேட்டு மகிழ்வான். மனைவி கூப்பிட்டால் மட்டும், "மீட்டிங்ல இருக்கேம்மா."

முதலில் கார். லாஸ் வேகஸ் கண்காட்சி மையத்தின் மேற்கு அரங்குக்குப் போக, தரைக்கடியில் ஒரு சுரங்கம் இருக்கிறது. ஈலான் மஸ்க் கம்பெனி தோண்டி 2021-ல் திறந்தது. தானே ஓடும் வண்டிகள், எதிர்காலப் போக்குவரத்து என்றெல்லாம் சொல்லித் தோண்டினார்கள். நாங்கள் படியிறங்கிப் போனபோது ஒரு டெஸ்லா வந்து நின்றது. உள்ளே ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தொப்பி போட்ட ஒரு டிரைவர். திறந்து நாலு வருஷமாகப் போகிறது, இன்னும் அவர்தான் ஓட்டுகிறார். ஒரு வண்டி போகிற அகலத்துக்குக் குழாய், அதில் வண்ண விளக்கு, ஷேர் ஆட்டோ மாதிரி மூணு பேரை ஏற்றிக்கொண்டு போகும் கார். 2022-ல் இதே கண்காட்சியின்போது இந்தச் சுரங்கத்துக்குள்ளேயே டிராஃபிக் ஜாம் ஆனதை உலகமே வீடியோவில் பார்த்தது. பூமியைக் குடைந்து கத்திப்பாராவைக் கண்டுபிடித்த ஒரே மேதை மஸ்க்தான்.

அந்த ஊரில் இன்னொரு வகைச் சுரங்கமும் உண்டு. மழை வெள்ளம் ஓடுவதற்காகக் கட்டிய கான்கிரீட் வடிகால்கள், சூதாட்ட மாளிகைகளுக்கு அடியிலேயே போகின்றன. வீடில்லாத மனிதர்கள் நூற்றுக்கணக்கில் அதில் குடியிருக்கிறார்கள், மெத்தை போட்டு, அலமாரி வைத்து. மழை வந்தால் அடித்துக்கொண்டு போய்விடும், போயுமிருக்கிறது. எங்கள் டிரைவரிடம் அதைப் பற்றிக் கேட்டேன். கண்ணாடியில் என்னைப் பார்த்து, "அது டூர்ல வராது சார்" என்கிற அர்த்தத்தில் ஏதோ சொன்னார்.

மேலே வந்து பார்த்தால், சோனியும் ஹோண்டாவும் சேர்ந்து செய்த அஃபீலா கார். அப்போது சொன்ன விலை 89,900 டாலரில் ஆரம்பம், அன்றைய கணக்கில் நம் காசில் ஏறக்குறைய 77 லட்சம். முன்பக்கம், கிரில் இருக்க வேண்டிய இடத்தில், நீளமாக ஒரு திரை. காருக்கு வெளியே திரை எதற்கு என்று கேட்டேன். கார் தன் எண்ணத்தை வெளியே சொல்லுமாம். சென்னையில் அந்த வேலையை லாரிக்குப் பின்னால் பெயிண்ட் அடிப்பவர் இருநூறு ரூபாய்க்குச் செய்து கொடுப்பார், இரண்டு எலுமிச்சம்பழமும் சேர்த்து.

அதைவிடச் சுவையான சங்கதி விலைப்பட்டியலின் பொடி எழுத்தில் இருந்தது. காரோடு பேசுவது, கார் தானாக ஓட்ட உதவுவது போன்ற வித்தைகளுக்கான சந்தா முதல் மூன்று வருஷத்துக்குத்தான் இலவசம். அப்புறம்? திருச்சிக்காரன் முகத்தைப் பார்த்தேன். அவன் கேட்கவில்லை. கும்பிடப் போன இடத்தில் சாமிக்கு வாடகை எவ்வளவு என்று யாராவது கேட்பார்களா? காரை முழுசாகக் காசு கொடுத்து வாங்கு, அதன் மூளைக்கு மட்டும் மாசா மாசம் கப்பம் கட்டு. பி.எம்.டபிள்யூ 2022-ல் சில நாடுகளில் இதையே செய்து பார்த்தது. இருக்கைச் சூடு காரிலேயே இருந்தது, கம்பி இருந்தது, ஸ்விட்ச் இருந்தது. அதற்கும் மாதச் சந்தா. ஊர் காறித் துப்பிய பிறகுதான் அடுத்த வருஷம் கைவிட்டார்கள். வாங்கின வீட்டில் ஜன்னலைத் திறக்க மட்டும் தரகருக்குக் கமிஷன் கொடுங்கள் என்றால் நாம் செருப்பைத் தேடுவோம். காரில் கேட்டால் 'புதுமை' என்கிறோம்.

இன்னொரு பக்கம் எக்ஸ்பெங்கின் பறக்கும் வண்டி. ஆறு சக்கர வேன். அதன் வயிற்றுக்குள் இரண்டு பேர் உட்காரும் ஒரு குட்டி விமானம். 20 லட்சம் யுவானுக்குள் விலை என்றார்கள். திருச்சிக்காரன் பேச்சிழந்து நின்றான். எனக்கு மட்டும் வேகஸின் பழைய மேடைகள் ஞாபகம் வந்தன. 2017-ல் இதே கண்காட்சிக்காக ஃபாரடே ஃபியூச்சர் ஒரு காரை மேடையேற்றியது. தானே நிறுத்திக்கொள்ளும் கார். முதலீட்டாளர் ஜியா யுவேடிங் மேடைக்கு வந்து பொத்தானை அழுத்தினார். கார் அசையவில்லை. தானாக நிற்கும் கார் என்பது அந்த அர்த்தத்தில் நூற்றுக்கு நூறு உண்மைதான். அதே நெவாடாவில் நூறு கோடி டாலர் தொழிற்சாலை கட்டுகிறோம் என்றார்கள். அந்த வருஷம் ஜூலையிலேயே நிறுத்தினார்கள். 2018-ல் ஃபிஸ்கர் ஒரு காரைக் காட்டியது. அந்தக் கார் தெருவுக்கு வரவே இல்லை, கம்பெனி 2024-ல் திவால். அதே 2018-ல் பைட்டான் என்று ஒன்று, டாஷ்போர்டு முழுக்கத் திரையாக. 2020-ல் வேலையை நிறுத்திவைத்தது. கூரையேறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானமேறி வைகுண்டம் காட்டினானாம். நம் பாட்டி அதைச் சொல்லும்போது அவளுக்கு வேகஸ் தெரியாது.

"உனக்கு எதுலயும் நல்லதே தெரியாதா மச்சான்?" என்றான் திருச்சிக்காரன், நிஜமான வருத்தத்தோடு.

தெரிந்தது. கிரின் என்ற ஜப்பானியக் கம்பெனியின் ஒரு கரண்டி. நாக்கில் மெல்லிய மின்சாரம் பாய்ச்சி, உப்புக் குறைந்த சூப்பை உப்போடு இருப்பதாக உணரவைக்கிறது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று வளர்ந்து, ஐம்பது வயதில் ரத்தக்கொதிப்பு மாத்திரையோடு சாப்பாட்டு மேசையில் தலைகுனிந்து உட்காரும் சாதிக்கு அது வரம். அந்தக் கரண்டியை நான் கிண்டல் பண்ண மாட்டேன். அதன் பக்கத்தில் நின்றவர்கள் நாலு பேர். வாஷிங் மெஷினைச் சுற்றி நாற்பது.

இன்னொரு மேசையில் ஒரு குட்டிப் பூனை பொம்மை. கோப்பை விளிம்பில் தொற்றிக்கொண்டு சூடான டீயை உஃப், உஃப் என்று ஊதிக்கொடுக்கும். ஆம்பூரான் இரண்டு வேண்டும் என்றான். அவன் அப்பா ஆம்பூரில் டீக்கடை வைத்திருந்தவர். ஒரு முழ உயரத்தில் டம்ளரைத் தூக்கி, நடுவில் ஒரு சொட்டுச் சிந்தாமல் ஆற்றியவர். அந்தக் காசில் படித்த பிள்ளை, டீ ஆற்றப் பூனை தேடி வேகஸில் நிற்கிறான். எங்கேயோ ஒரு தலைமுறை சிந்திவிட்டது. காலுறை பொறுக்கும் கை வைத்த தரை துடைக்கும் ரோபோ ஒன்றும் பார்த்தோம். 300 கிராமுக்கு மேல் தூக்காதாம். நம் வீட்டுக் குழந்தைகளும் அப்படித்தான், ஆனால் அவர்களுக்கு சார்ஜ் போட வேண்டியதில்லை.

இதையெல்லாம் சிரித்துவிட்டுப் போய்விடலாம். பணம் இருக்கிறவன் பொம்மை வாங்குகிறான், உனக்கென்ன வயிற்றெரிச்சல் என்றால், சரி. வயிற்றெரிச்சல் வேறு இடத்திலிருந்து வருகிறது. அந்த வாஷிங் மெஷினிடம் திரும்பிப் போக வேண்டும்.

அது சாம்சங்குடையது. அரங்கத்தின் மேலே அவர்கள் எழுதிவைத்திருந்த வாசகத்தின் பொருள்: எல்லோருக்கும் ஏஐ. எல்லோருக்கும் என்றால் யார் யாருக்கு என்று எனக்கு ஒரு சந்தேகம். காஞ்சிபுரம் மாவட்டத்தில் சுங்குவார்சத்திரத்துக்குப் பக்கத்தில் இதே கம்பெனிக்கு ஒரு தொழிற்சாலை இருக்கிறது. ஃபிரிட்ஜ், டி.வி., வாஷிங் மெஷின் மூன்றும் அங்கே தயாராகின்றன. இந்த ஒளிவட்டம் போட்ட மெஷின் அங்கே செய்ததில்லைதான். ஆனால் அதன் சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகள் எல்லாம் அங்கேதான் பிறக்கிறார்கள். 2024 செப்டம்பர் 9-ஆம் தேதி அந்தத் தொழிற்சாலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வெளியே வந்து எச்சூரில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். சம்பளம் ஒரு கோரிக்கை, வேலை நேரம் ஒரு கோரிக்கை. தலையாய கோரிக்கை ஒன்று: எங்கள் சங்கத்தோடு பேசுங்கள்.

அவ்வளவுதான் கேட்டார்கள். பேசுங்கள்.

37 நாள். கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம் போகப் பார்த்தவர்களில் 104 பேரைப் போலீஸ் பிடித்தது. அப்புறம் பந்தலையே பிரித்துப் போட்டது. சங்கத்தின் பெயரில் கம்பெனிப் பெயர் வருகிறது, அதனால் பதிவு செய்யக் கூடாது என்று தகராறு, உயர் நீதிமன்றம் வரை. உற்பத்தியாகும் ஒவ்வொரு ஃபிரிட்ஜின் முதுகிலும் அந்தப் பெயரை ஒட்டி அனுப்பும் கைகள்தான் அவை. ஒட்டலாம், சொல்லக் கூடாது. நடுவில் நின்ற அரசாங்கம் எந்தப் பக்கம் நின்றது என்பது பந்தலைப் பிரித்தது யாருடைய போலீஸ் என்று யோசித்தால் தெரியும். முதலீட்டாளர் மனம் கோணக் கூடாது. தொழிலாளி மனம் என்ன, அது கோணலாகத்தானே வார்ப்படம் ஆகியிருக்கிறது!

நான் வேகஸில் நின்ற அந்த ஜனவரி 7 அன்றும் சங்கத்துக்குப் பதிவு எண் கிடைத்திருக்கவில்லை. கிடைத்தது ஜனவரி 27-ல். வாஷிங் மெஷின் ஃபோனை எடுத்துப் பேசத் தொடங்கி இருபது நாள் கழித்து, அதைச் செய்கிறவன் பேசலாம் என்று நாட்டில் ஒரு காகிதம் வந்தது. பழுதுபார்க்கும் உரிமைக்காகப் போராடுகிறவர்கள் வருஷா வருஷம் அந்தக் கண்காட்சியின் 'படுமோசமான சரக்கு' என்று விருது கொடுப்பார்கள். அந்த வருஷம் இந்த மெஷினுக்குக் கிடைத்த பட்டத்தைத் தமிழில் சொன்னால்: 'இதை எவன் கேட்டான்?' நல்ல கேள்விதான். கேட்டவர்களுக்கு ஏன் கிடைக்கவில்லை என்பதற்கும் ஒரு விருது வைத்திருக்கலாம்.

மத்தியானத்துக்கு மேல் எல்லோர் ஃபோனிலும் புகைப்படம் வரத் தொடங்கியது. லாஸ் ஏஞ்சலிஸின் கடலோரம், பசிபிக் பாலிசேட்ஸில் மலை பற்றி எரிகிறது. "அது நமக்கு ரொம்ப தூரம்டா" என்றான் ஆம்பூரான். பேய்க்காற்று என்றார்கள். சாயங்காலம் ஆறு மணி தாண்டி ஈட்டன் கேன்யனில் இன்னொரு தீ. அது அவன் வீட்டுப் பக்கம். மனைவியைக் கூப்பிட்டான். இங்கே ஒன்றுமில்லை, கரன்ட் மட்டும் போய்விட்டது, கிழக்கே இருக்கிறவர்களைக் காலி பண்ணச் சொல்லியிருக்கிறார்கள், நமக்கு எச்சரிக்கை எதுவும் வரவில்லை என்றாள். வராததால் அவனும் நிம்மதியானான். 23 சாதனம் வைத்திருக்கிறவன், அறிவிப்பு வரும் என்று நம்பாமல் வேறு யார் நம்புவார்கள்?

ராத்திரி ஹோட்டலில் அவன் ஃபோன் கடைசியாக ஒரு தரம் கிணுகிணுத்தது. '23 சாதனங்கள் இணைப்பில் இல்லை. ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போடவும்.'

ஒன்றரை மணிக்கு மனைவி கூப்பிட்டாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காரில் போய்க்கொண்டிருந்தாள். நாங்கள் மூன்று பேரும் அப்படியே கிளம்பி, பாலைவனச் சாலையில் விடிய விடிய ஓட்டி, அவர்கள் போய்ச் சேர்ந்த செரிட்டோஸ் நண்பர் வீட்டுக்குப் போனோம். திருச்சிக்காரனின் பழைய கார்தான் கொண்டுபோய்ச் சேர்த்தது. சந்தா எதுவும் கேட்கவில்லை.

"பக்கத்து வீட்டுத் தாத்தா வந்தார்ணா" என்றாள் அவள் என்னிடம். புருஷனைப் பார்த்துச் சொல்லவில்லை. "அவர் பொறந்ததுலேருந்து அந்தத் தெருதான். பெல்லை அமுக்கியிருக்கார், அமுக்கியிருக்கார், அடிக்கல. கரன்டு இல்ல, வைஃபை இல்ல, அது எங்க அடிக்கும்? அப்புறம் கையால கதவைத் தட்டினார். உடையற மாதிரி தட்டினார். கதவைத் திறந்தா வானம் செவப்பா இருக்கு."

அவள் பகுதிக்கு, அதாவது லேக் அவென்யூவுக்கு மேற்கே இருந்தவர்களுக்கு, வெளியேறச் சொல்லும் உத்தரவு வந்தது விடியற்காலை மூன்று மணிக்கு மேல். தீ பிடித்தது முந்தின நாள் ஆறேகாலுக்கு. கிழக்குப் பக்கத்துக்குச் சாயங்காலமே சொல்லியாகிவிட்டது. மேற்குப் பக்கம், மற்ற இடங்களில் வீடு வாங்க விடாத காலத்தில் கறுப்பின மக்கள் காசு சேர்த்து வாங்கிக் குடியேறிய பக்கம். ஈட்டன் தீயில் இறந்தவர்களில் ஏறக்குறைய எல்லோரும் அந்த மேற்கில் இறந்தவர்கள், பெரும்பாலும் வயசானவர்கள். 9,000-க்கும் மேல் கட்டடங்கள் போயின. பால் தீர்ந்தால் சொல்லும் ஃபிரிட்ஜும், சாக்ஸ் கிடந்தால் பொறுக்கும் ரோபோவும், நாக்குக்கு உப்பு இருப்பதாக நம்பவைக்கும் கரண்டியும் நாலு மணி நேரத் தொலைவில் விளக்கு வெளிச்சத்தில் கைதட்டு வாங்கிக்கொண்டிருக்க, கிழவிகளிடம் 'ஓடு' என்று சொல்ல ஒரு குறுஞ்செய்திக்கு ஒன்பது மணி நேரம் ஆனது. தொழில்நுட்பம் போதவில்லை என்று எவனாவது சொன்னால் அவன் வாயில் அந்தப் பூனையை வைத்து ஊதவிட வேண்டும். எல்லாத் தொழில்நுட்பமும் இருந்தது. அது மேற்கே பார்க்கவில்லை, சுங்குவார்சத்திரத்தைப் பார்க்காத மாதிரியே.

ஜனவரி 9, சாயங்காலம் நாலு மணி. ஆர்ட்டீசியாவின் பயனியர் பூலவாடில், நம்மூர்க் கடைகள் வரிசையாக இருக்கும் தெருவில், பிள்ளைக்கு மாற்றுத் துணி வாங்கிக்கொண்டு டிஃபன் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். அந்த வினாடி கடையிலிருந்த எல்லா ஃபோனும் ஒரே நேரத்தில் ஊளையிட்டன. கல்லாவில் இருந்தவர் ஃபோன், சட்னி ஊற்றினவர் ஃபோன், பக்கத்து மேசைக் குஜராத்திக் குடும்பத்தின் ஐந்து ஃபோன். வெளியேறத் தயாராகுங்கள் என்று எச்சரிக்கை. அந்தப் பக்கம் தீக்குச்சி கூட எரியவில்லை. எங்கோ ஒரு மூலையில் எரிந்த தீக்கு, கவுன்ட்டி முழுக்க ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு அனுப்பிவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் இன்னொரு செய்தி: முந்தினதைப் பொருட்படுத்த வேண்டாம்.

பிள்ளை அழ ஆரம்பித்தது. அவள் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். தோசை ஆறிக்கொண்டிருந்தது. வீடு நின்ற இடத்தில் புகைபோக்கி மட்டும் நிற்கும் படத்தைப் பக்கத்து வீட்டுத் தாத்தாவின் மகள் காலையில் அனுப்பியிருந்தார். ஆம்பூரான் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். அது மறுபடி கிணுகிணுத்தது. எட்டிப் பார்த்தேன்.

'வாசல் அழைப்பு மணி இரண்டு நாட்களாக இணைப்பில் இல்லை. நீங்கள் முக்கியமான தருணங்களைத் தவறவிடக்கூடும். பிரீமியம் சந்தாவுக்கு மாறுங்கள். முதல் மாதம் இலவசம்.'